சிலை வெச்சா கூட்டம் வரும்... காசு வருமா? ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ கேமில் சுற்றுலாவை லாபமாக்குவது எப்படி?

ஊரில் முப்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். தண்ணீர், கரன்ட், குப்பை வண்டி எல்லாம் ஓகே. கையில் கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கிறது. ‘சரி, இனிமே நம்ம ஊரை டூரிஸ்ட் ஸ்பாட் ஆக்கிடுவோம்’ என்று முடிவெடுத்து, ஒரு பிரமாண்ட மால், ஒரு நூலகம், ஓர் ஓப்பரா ஹவுஸ் என வரிசையாகக் கட்டித் தள்ளுகிறீர்கள். வெளியூர் ஆட்களும் வர ஆரம்பிக்கிறார்கள். ஆனா, திரையின் கீழே தெரியும் வாராந்திர வருமானம் மட்டும் பச்சையிலிருந்து மெதுவாகச் சிவப்புக்கு இறங்கிக்கொண்டே போகிறது.

‘கூட்டம் வருதே... காசு எங்க போகுது?’

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் ஆடும் பாதிப்பேர் ஒருமுறையாவது தலையைச் சொறிந்த கேள்வி இது. பதில் ஒரே வரிதான். ஆளை இழுப்பது ஒரு வேலை, அவரிடமிருந்து சம்பாதிப்பது இன்னொரு வேலை. சிலையும் மாலும் முதல் வேலையைத்தான் செய்யும். இரண்டாவது வேலையை ரோடு, ரயில், கடை, டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் சேர்ந்துதான் செய்ய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல்ல கேமைப் பத்தி ரெண்டு வார்த்தை

ஃபின்லாந்தின் தம்பேரே நகரத்தில் இருக்கும் கொலோசல் ஆர்டர் என்ற நிறுவனம் உருவாக்கி, சுவீடனின் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் வெளியிட்ட கேம் இது. 2015 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்தது. பிறகு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் என்று கன்சோல்களுக்கும் வந்துவிட்டது. 2023-ல் இதன் இரண்டாம் பாகம் வந்தது. ஆனால், இந்தக் கட்டுரை முழுக்க முதல் பாகத்தைப் பற்றித்தான். டிஎல்சி எனப்படும் கூடுதல் தொகுப்புகள் நிறைய சேர்ந்து, சுற்றுலாவில் விளையாட அதிக இடம் இருப்பது அதில்தான்.

ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. இந்தக் கேமுக்கு முன்னால் கொலோசல் ஆர்டர் செய்தது ‘சிட்டீஸ் இன் மோஷன்’. அது 2011-ல் வந்த, பஸ், டிராம், மெட்ரோ ஓட்டும் பொதுப் போக்குவரத்து கேம். அந்த ஜீன் இதிலும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு வண்டியும் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்துக்கு நிஜமாகவே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேராவிட்டால் கணக்கில் எதுவும் நடக்காது. சுற்றுலாவில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவைதான்.

செலவு நிச்சயம், வரவு சந்தேகம்

கேமில் ‘யுனீக் பில்டிங்’ என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொன்றையும் ஊருக்கு ஒன்றுதான் கட்டலாம். ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனையை முடித்தால்தான் திறக்கும். பல நாள் ஆடி, கஷ்டப்பட்டுத் திறந்த கட்டடம் என்பதால், திறந்த கையோடு கட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும்.

அங்கேதான் பர்ஸ் ஓட்டையாகிறது. கட்டும்போது ஒருமுறை பெரிய தொகை போகும். அதோடு முடியாது. ஒவ்வொரு வாரமும் பராமரிப்புச் செலவு கழிந்துகொண்டே இருக்கும். ஒருத்தர் வந்தாலும் அதே செலவு, ஆயிரம் பேர் வந்தாலும் அதே செலவு. ஆனால் வரவு அப்படியில்லை. ஆள் ஊருக்குள் வந்து, உள்ளே சுற்றி, ஒரு கடைக்குள்ளோ பூங்காவுக்குள்ளோ நுழைந்தால்தான் காசு.

நம்ம ஊர் கல்யாண மண்டபக் கணக்கை நினைத்துப் பாருங்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். மண்டபம் பெரிசா, சிறிசா என்பதைவிட, வருஷத்துக்கு எத்தனை நாள் நிரம்புகிறது என்பதுதான் முதலாளிக்கு முக்கியம். உங்கள் ஓப்பரா ஹவுஸும் அப்படித்தான்.

ஆகவே முதல் ரூல்: ஒரே நேரத்தில் ஒரு யுனீக் பில்டிங் மட்டும் கட்டுங்கள். கட்டிவிட்டு, கேமை வேகமாக ஓடவிட்டு, வார வருமானம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். நம்பர் நின்ற பிறகுதான் அடுத்தது. ஐந்தை ஒரே மூச்சில் கட்டினால் எது சம்பாதிக்கிறது, எது சும்மா தின்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வாசல் எத்தனை?

டூரிஸ்ட் வானத்திலிருந்து குதிப்பதில்லை. மேப்பின் எல்லையிலிருந்து நெடுஞ்சாலை, ரயில் பாதை, கப்பல் வழி, விமான வழி என நான்கு வாசல்கள் வழியாக வருகிறார். ஆட ஆரம்பிக்கும்போது உங்களிடம் இருப்பது நெடுஞ்சாலை மட்டும்தான். அதில் வருபவர் காரோடு வருவார்.

காரோடு வருபவர்தான் ஊருக்கு அதிகச் செலவு வைப்பவர். அவர் வரும் அதே நெடுஞ்சாலையில்தான் உங்கள் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிய லாரியும் வருகிறது. ஊருக்குள் இறங்க ஒரே ஒரு ரேம்ப் மட்டும் இருந்தால், இரண்டும் அங்கே முட்டிக்கொள்ளும். விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் நாள்களில் பரனூர் சுங்கச்சாவடிப் பக்கம் பார்த்திருப்பீர்களே, அதே சீன்.

சுங்கச்சாவடி என்றதும் ஞாபகம் வருகிறது. கேமிலும் பிறகு வந்த அப்டேட்டில் சுங்கச்சாவடி சேர்த்துவிட்டார்கள். ‘வர்ற காருக்கெல்லாம் டோல் போட்டா செம வருமானமாச்சே!’ என்று தோன்றும். வருமானம் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டியும் அங்கே வேகம் குறையும். ஏற்கெனவே நிரம்பிய சாலையில் வைத்தால், டோலில் வரும் காசைவிட, சரக்கு வராமல் மூடும் கடைகளால் போகும் வரி அதிகமாகிவிடும். கூட்டம் குறைந்த, நிறைய லேன் இருக்கும் இடத்தில் வைத்தால் மட்டும் அது லாபம்.

அடுத்த வாசல் ரயில். விமான நிலையத்துக்கு வெகு முன்பே ரயில் திறந்துவிடும், செலவும் விமான நிலையத்தைவிடக் குறைவு. ரயிலில் வந்து இறங்குபவர் நிலைய வாசலிலேயே பஸ்ஸோ மெட்ரோவோ இருந்தால் அதில் ஏறிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. அந்த டிக்கெட் காசும் உங்களுக்குத்தான். ஒரே ஆள், ரெண்டு வரவு.

ரயிலில் ஒரு கண்ணிவெடியும் இருக்கிறது. ரயில் நிலையத்தை க்ளிக் செய்தால், வெளியூர் ரயில்களை அனுமதிப்பதா வேண்டாமா என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். எல்லா நிலையங்களிலும் அது ஆனில் இருந்தால், வெளியூர் ரயில்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் வரத் தொடங்கும். பாதி காலியாக வரும் ரயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று மொத்தப் பாதையும் அடைத்துக்கொள்ளும். தீர்வு எளிது. ஊர் ஓரத்தில் ஒரே ஒரு பெரிய நிலையத்துக்கு மட்டும் வெளியூர் ரயிலை விடுங்கள். உள்ளே இருக்கும் நிலையங்களுக்கெல்லாம் நீங்களே போட்ட உள்ளூர் லைன் போதும். சரக்கு ரயிலுக்குத் தனித் தண்டவாளம் கொடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

விமான நிலையமும் துறைமுகமும் ஆளை அள்ளிக்கொண்டு வரும். ஆனால் இடம், பராமரிப்புச் செலவு, இரைச்சல் மூன்றும் அதிகம். பட்ஜெட் தாங்கும் என்று தெரிந்த பிறகு போனால் போதும்.

வந்தவர் நடக்கணும்

டூரிஸ்ட் இறங்கிவிட்டார். இனி அவர் பார்க்க வந்த இடத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நூலகம் ஒரு மூலை, மால் இன்னொரு மூலை, பீச் மூன்றாவது மூலை. ஒவ்வொன்றுக்கும் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். ஒவ்வொரு டூரிஸ்ட்டும் மூன்று முறை டிராஃபிக்கைக் கூட்டுகிறார்.

மாற்றி யோசியுங்கள். ஊரில் ஒரு சுற்றுலா வட்டாரத்தை முடிவு செய்து, நான்கைந்து ஈர்ப்புகளை அங்கேயே நெருக்கமாக வையுங்கள். நடுவில் பாதசாரிப் பாதை போடுங்கள். இந்தக் கேமில் ஆட்கள் நடக்க அஞ்சாதவர்கள். வழி மட்டும் நேராக, சிக்னல் இல்லாமல் இருந்தால் ரொம்ப தூரம்கூட நடந்தே போவார்கள். பரபரப்பான சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு நடைமேம்பாலம் போட்டால் காரும் நிற்காது, ஆளும் நிற்க மாட்டார். பாதையின் ஒரு முனையில் மெட்ரோ நிலையம், மறுமுனையில் பஸ் ஸ்டாப். இதுக்கு மேல பெரிய பிளான் எதுவும் வேண்டாம்.

2015 செப்டம்பரில் வந்த ‘ஆஃப்டர் டார்க்’ தொகுப்பு இருந்தால் டாக்ஸி, சைக்கிள் பாதை இரண்டும் கூடுதலாகக் கிடைக்கும். சைக்கிள் பாதையைச் சுற்றுலா வட்டாரத்துக்குள் இழுத்துவிடுங்கள். காரில் போகும் பலர் அதற்கு மாறுவார்கள்.

‘இலவசப் பொதுப் போக்குவரத்து’ என்றொரு பாலிசியும் கேமில் உண்டு. மக்களுக்கு நல்லது, டிராஃபிக்குக்கும் நல்லது. ஆனால் டூரிஸ்ட்டிடமிருந்து வரும் டிக்கெட் காசும் அதோடு போய்விடும். நெரிசலால் ஊர் திணறும்போது அதை மருந்தாகக் கொடுங்கள். சுற்றுலாவை லாபமாக்கும் நாள்களில் ஆஃப் செய்து வையுங்கள்.

பெரிய ஊராக வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே நேரத்தில் 16,384 வண்டிகளுக்கு மேல் கேம் ஓட்டாது. உங்கள் குப்பை வண்டி, ஆம்புலன்ஸ், சரக்கு லாரி, டூரிஸ்ட் கார் எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள்தான். வரம்பைத் தொட்டுவிட்டால் புது வண்டி கிளம்பாது. ஊரே காரணம் தெரியாமல் நோய்வாய்ப்பட்டது போலிருக்கும். டூரிஸ்ட்டை நடக்க வைப்பது அழகுக்காக மட்டும் சொல்லும் யோசனை இல்லை என்பது அப்போது புரியும்.

எங்க செலவழிப்பார்?

வந்தார், நடந்தார், சிலையைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு கடைகூட இல்லை. சரி, அவர் பர்ஸைத் திறக்கத்தான் முடியுமா?

ஈர்ப்புகளை ஒட்டி வணிகப் பகுதி இருந்தே ஆக வேண்டும். ‘ஆஃப்டர் டார்க்’ வைத்திருப்பவர்கள் வணிகப் பகுதிக்கு இரண்டு ஸ்பெஷல் முத்திரை குத்தலாம். ஒன்று சுற்றுலா, மற்றது கேளிக்கை. சுற்றுலா முத்திரை குத்திய பகுதியில் வெளியூர்க்காரர்களை நம்பிப் பிழைக்கும் கடைகள் வரும். கேளிக்கைப் பகுதியில் பார், நைட் கிளப் வகையறா. இரவில் களைகட்டும், இரைச்சலும் கூடவே வரும்.

‘சரி, ஊர் முழுக்க சுற்றுலா ஜோன் போட்டுடலாம்’ என்று கிளம்பாதீர்கள். வணிகக் கட்டடங்களின் தலைக்குமேல் வரும் இரண்டு புகார்களைக் கவனியுங்கள். அவைதான் உங்கள் பி.பி மீட்டர்.

‘போதுமான வாடிக்கையாளர்கள் இல்லை’ என்று வந்தால் கடை அதிகம், ஆள் குறைவு. ஜோனைச் சுருக்குங்கள், அல்லது அந்த இடத்துக்கு ஒரு பஸ் லைன் இழுங்கள்.

‘விற்கப் போதுமான சரக்கு இல்லை’ என்று வந்தால் ஆள் இருக்கிறார், ஆனால் லாரி வரவில்லை. இதைப் பார்த்ததும் தொழிற்சாலை கட்ட ஓடாதீர்கள். முதலில் லாரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முறை, டூரிஸ்ட் கார்களுக்குப் பின்னால் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும். கடைகளுக்குப் பின்பக்கமாகச் சரக்குக்கென்று ஒரு தனிச் சாலை கொடுத்தால் போதும். முன்வாசலில் ஆட்கள், பின்வாசலில் லாரி. நம்ம ஊர் பஜார் தெருக்களில் இருக்கும் அதே ஏற்பாடு.

இன்னொரு விஷயம். கடை வரியை ஏற்றி டூரிஸ்ட் காசைக் கறந்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கேமில் வரி 9 சதவிகிதத்தில் ஆரம்பிக்கும், 29 வரை ஏற்றலாம். ஏற்றிப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் கடைக்காரர்கள் புகார் சொல்லிவிட்டுக் கடையை மூடிக்கொண்டு போவார்கள். மூடிய கடை முன்னால் டூரிஸ்ட் என்ன செய்வார்? ஒன்றிரண்டு சதவிகிதம் ஏற்றி, ஊர் முகம் சுளிக்கிறதா என்று பார்த்து நிறுத்திக்கொள்வது நல்லது.

கேட் போட்டு வசூல் பண்ணலாம்

சுற்றுலாவில் உங்கள் கையில் நேரடியாக விலைச் சீட்டு இருக்கும் இடம் ஒன்று உண்டு. 2018-ல் வந்த ‘பார்க்லைஃப்’ தொகுப்பு. இதில் ஓரிடத்தை வரைந்து ‘இது பார்க்’ என்று அறிவித்து, மெயின் கேட் வைத்து, நுழைவுக் கட்டணத்தை நீங்களே முடிவு செய்யலாம். நகரப் பூங்கா, பொழுதுபோக்குப் பூங்கா, உயிரியல் பூங்கா, இயற்கைக் காப்பகம் என நான்கு வகை. ஆட்களும் பொழுதுபோக்கும் சேரச் சேர பார்க் லெவல் ஏறும். ஒவ்வொரு லெவலிலும் புதுப் புது ராட்டினம், கூண்டு, கடை திறக்கும்.

இங்கே கணக்கு தெளிவு. ஒரு பேச்சுக்கு, உங்கள் பார்க்குக்கு வாரம் 1,000 செலவு, டிக்கெட் 5 என்று வைத்துக்கொள்வோம். வாரம் 200 பேர் வந்தால் கையைக் கடிக்காது. 201-வது ஆள் முதல் லாபம். இப்போது ராட்டினம் ஒன்று கூடுதலாகப் போட ஆசை, அதற்கு வாரம் 100 செலவு என்றால், அந்த ராட்டினத்துக்காக மட்டும் இன்னும் 20 பேர் கூடுதலாக வர வேண்டும். வருவார்களா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

டிக்கெட் விலையை ஒரேயடியாக உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். புது பார்க், லெவல் ஒன்று, உள்ளே இரண்டு ஊஞ்சல் மட்டும் இருக்கும்போது குறைந்த விலை வையுங்கள். கூட்டம் வரட்டும், லெவல் ஏறட்டும். பிறகு படிப்படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் சில வாரங்கள் ஓடவிட்டு மொத்த வசூலைப் பாருங்கள். விலை ஏறி, ஆள் குறைந்து, வசூலும் இறங்கினால் ஒரு படி பின்வாங்கிவிடுங்கள்.

பார்க் எங்கே? ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் அழகாக வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேட்டாவது மெட்ரோ அல்லது பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கட்டும். பார்க் பெரிதாக இருந்தால் பக்கவாட்டிலும் கேட் வையுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ராட்டினமும் பாதையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். பாதை தொடாத ராட்டினத்துக்கு ஒருத்தரும் வர மாட்டார், செலவு மட்டும் போகும்.

இதே தொகுப்பில் ஊர் சுற்றிக் காட்டும் பஸ், நடைச் சுற்றுலா, ராட்சத பலூன் எல்லாம் உண்டு. சுற்றிக் காட்டும் பஸ்ஸை உங்கள் யுனீக் பில்டிங்குகளை இணைத்து ஓட்டுங்கள். தனித்தனியாகக் கிடந்த ஈர்ப்புகளை ஒரே நூலில் கோத்த மாதிரி ஆகிவிடும்.

பகல் டூரிஸ்ட், ராத்திரி டூரிஸ்ட்

காலையில் வந்து மாலையில் கிளம்புபவரைவிட ஒரு ராத்திரி தங்குபவர் அதிகம் கொடுப்பார். நிஜ ஊர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும், பகலில் வந்துவிட்டுத் திரும்புபவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. நகரத்திலேயே ஹோட்டலில் தங்குபவர்களுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே தங்கும் வரி கட்டிவிடுகிறார்கள். கேமில் நீங்கள் பார்க் கேட்டில் செய்ததைத்தான் ஒரு நிஜ ஊர் தன் வாசலிலேயே செய்து பார்த்திருக்கிறது.

கேமிலும் 2023-ல் ஹோட்டல்களுக்கென்றே ஒரு தொகுப்பு வந்தது. அறை வாடகையை நீங்களே வைக்கலாம். ஊர் பார்க்க வருபவர், ஷாப்பிங் வருபவர், பிசினஸ் விஷயமாக வருபவர், இயற்கையைத் தேடி வருபவர் என்று விருந்தினர்களில் வகை உண்டு. சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஹோட்டல் ஓடும். ஆபீஸ் டவர்கள் நடுவே இயற்கை ரிசார்ட் வைத்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஹோட்டலுக்கு இடம் தேடுவதைவிட, ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு ஏற்ற ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள்.

குடியிருக்கிறவங்களை மறந்துடாதீங்க

இந்தக் கட்டுரையில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வருமானத்தின் முதுகெலும்பு வீட்டு வரி, கடை வரி, ஆபீஸ் வரி, தொழிற்சாலை வரி. அதாவது, ஊரிலேயே வாழ்பவர்கள். டூரிஸ்ட் காசு அதன் மேல் வரும் போனஸ். போனஸுக்காகச் சம்பளத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

கேளிக்கைப் பகுதியும், விமான நிலையமும், கூட்டமான சாலைகளும் இரைச்சலைக் கிளப்பும். இரைச்சல் பகுதியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் நோயில் விழுவார்கள், சந்தோஷம் குறையும், கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். நீங்கள் ‘டூரிஸ்ட் வர்றாங்களே’ என்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது, கீழே வரி கட்டுபவர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார். ‘சுற்றுலாவால் நஷ்டம்’ என்று பலர் சொல்வதன் பின்னால், கணக்கில் நேரடியாகத் தெரியாத இந்தச் சேதமும் இருக்கும்.

தீர்வு இரண்டு. ஒன்று, வீடுகளுக்கும் சுற்றுலா வட்டாரத்துக்கும் நடுவே ஆபீஸ் கட்டடங்களை வையுங்கள். ஆபீஸ்கள் இரைச்சல் போடாதவை. சுவர் மாதிரி நடுவில் நிற்கும், வரியும் கட்டும். இரண்டு, ஈர்ப்புகளை உள்ளூர்க்காரர்களும் எட்டும் தூரத்தில் வையுங்கள். பார்க், யுனீக் பில்டிங் இரண்டும் ஊர்க்காரர்களுக்கும் பொழுதுபோக்குதான். சுற்றியிருக்கும் நிலத்தின் மதிப்பு ஏறும், வீடுகள் லெவல் ஏறும், வரி கூடும். டூரிஸ்ட் வராத வாரத்திலும் அந்தக் கட்டடம் வீண் போகாது.

மால் ஒன்றைக் கட்டும் முன் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘வெளியூர்க்காரர் ஒருத்தர்கூட வரலைன்னாலும், இது இங்க இருக்கிறது நம்ம ஊருக்கு நல்லதா?’ ‘ஆமா’ என்றால் தைரியமாகக் கட்டுங்கள். ‘இல்ல’ என்றால் இடத்தை மாற்றுங்கள்.

நஷ்டத்துல ஓடுதா? இந்த வரிசையில பாருங்க

1. கேமை பாஸ் செய்யுங்கள். டிராஃபிக் காட்டும் வியூவைத் திறந்து, சுற்றுலா வட்டாரத்துக்குப் போகும் சாலைகள் சிவப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சிவப்பு என்றால் மற்ற எதையும் தொடாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

2. சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சாலை பச்சை, ஆள் குறைவு என்றால் ஈர்ப்பு போதவில்லை, அல்லது இரண்டாவது வாசல் தேவை. ரயிலை யோசியுங்கள்.

3. ஆள் இருக்கிறார், வருமானம் இல்லை என்றால் செலவழிக்க இடமில்லை. ஈர்ப்பைச் சுற்றிக் கடைகள் இருக்கின்றனவா, அவற்றின் தலைமேல் என்ன புகார் என்று பாருங்கள்.

4. பஸ், மெட்ரோ லைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். காற்று வாங்கிக்கொண்டு ஓடும் லைனில் வண்டிகளைக் குறையுங்கள்.

5. எல்லாம் சரி, ஆனாலும் இடிக்கிறது என்றால், யாருமே எட்டிப் பார்க்காத கட்டடத்தை இடம் மாற்றுங்கள். கொஞ்சம் செலவாகும், ஆனால் வாராவாரம் தண்டம் அழுவதைவிட அது மேல்.

கடைசியாக, பெரிய ஆசை உள்ளவர்களுக்கு. கேமின் உச்சகட்டக் கட்டடங்களில் ஒன்று ‘ஸ்பேஸ் எலிவேட்டர்’. பல யுனீக் பில்டிங்குகளைக் கட்டி முடித்தவர்களுக்கு மட்டும் திறக்கும் இந்த விண்வெளி லிஃப்ட், தானே ஒரு வாசலாகி டூரிஸ்ட்டுகளைக் கொத்துக் கொத்தாக இறக்கும். மேலே சொன்ன நடைபாதை, மெட்ரோ, கடை, பின்வாசல் ரோடு எல்லாம் தயாராக இருக்கும் ஊருக்கு அது ஜாக்பாட். தயாராக இல்லாத ஊரில் அதே கூட்டம் மொத்தச் சாலையையும் ஒரே நாளில் முடக்கிவிடும்.

இன்றைக்கு உங்கள் ஊரைத் திறந்ததும் புதுக் கட்டடம் எதையும் கட்ட வேண்டாம். ரயில் நிலையத்தில் இறங்கும் ஒரே ஒரு டூரிஸ்ட்டை க்ளிக் செய்து, அவர் பின்னாலேயே போய்ப் பாருங்கள். எங்கே காத்திருக்கிறார், எங்கே சுற்றிப் போகிறார், எந்தக் கடைக்குள் நுழைகிறார் என்று ஐந்து நிமிஷம் கவனித்தால், அடுத்த காசை எங்கே போட வேண்டும் என்பதை அவரே காட்டிக் கொடுத்துவிடுவார்.